நிபா நம்ம பக்கம் வந்துவிடுமா? குலசேகரத்திலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "கேரளாவில் மறுபடியும் நிபா என்று செய்தி வருகிறது. என் மகள் கோழிக்கோட்டில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு வீட்டுக்கு வர வேண்டும். 'இப்போ வரவேண்டாம்னு சொல்லுங்க' என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எங்கள் விளையில் (தோட்டத்தில்) நிற்கிற அயனிப் பலா மரத்துக்கு ராத்திரி ஆனால் வாவல் (வௌவால்) கூட்டமாக வருகிறது, மரத்தை வெட்டிவிடலாமா? கேரள எல்லையில், களியக்காவிளையில் எல்லாரையும் சோதித்துத்தானே விடுகிறார்கள், அது போதாதா?"

மகள் தாராளமாக வரட்டும். மரத்தை வெட்டாதீர்கள். களியக்காவிளைச் சோதனை மட்டும் போதாது. பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்களை மறுபடி பயமுறுத்திவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்த மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எடுத்தவன்.

முதலில் இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1998 கடைசியில் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வர ஆரம்பித்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் அரசாங்கம் நினைத்தது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் செத்தார்கள். மேலும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள், அதுவும் பன்றியோடு புழங்கியவர்கள். கொசு என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் கடித்திருக்க வேண்டுமே! 1999 மார்ச்சில்தான் இது புது வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். சுங்கை நிபா என்ற கிராமத்து நோயாளியிடமிருந்து எடுத்ததால் நிபா என்று பெயர். மொத்தம் அங்கே 265 பேருக்கு நோய், 105 சாவு. சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். பண்ணைக்குள் நின்ற பழமரங்களில் வாவல் தின்றுவிட்டுப் போட்ட மிச்சத்தைப் பன்றி தின்றதுதான் ஆரம்பம் என்று பிறகு தெரிந்தது.

இந்தியாவுக்கு அது 2018இல் வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2001இலேயே மேற்கு வங்காளத்துச் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். என்ன நோய் என்றே அப்போது தெரியவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைச் சில வருடம் கழித்துச் சோதித்தபோதுதான் நிபா என்று உறுதியானது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு நோய் ஒட்டியது வாவலிடமிருந்தும் இல்லை, பன்றியிடமிருந்தும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒட்டியது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்சுகள், பக்கத்துக் கட்டில்காரர்கள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிராவில் நடந்ததும் இதேதான். ஒரே குடும்பத்தில் இரண்டு மகன்கள், அப்பா, ஒரு உறவுக்காரப் பெண் என்று நான்கு பேர் இறந்தார்கள். முதலில் இறந்த மகனுக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. அவர் தாலுகா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், பிறகு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த இரண்டு இடங்களிலும் அவர் அருகில் இருந்தவர்கள், ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு வெளியே அதே நடையில் காத்திருந்தவர்கள் என்றுதான் நோய் போயிருக்கிறது. அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி மே 21ஆம் தேதி இறந்தார். சின்னக் குழந்தைகள் இரண்டு அவருக்கு. கணவர் பஹ்ரைனில் இருந்தார். தான் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அரசுக் கணக்கில் 17 பேர் அந்த முறை இறந்தார்கள்.

ஆனால் அந்த இரண்டாவது மகன் நோயோடு வந்தபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்கள், "இதே வீட்டில் கொஞ்ச நாள் முன்னாடிதானே ஒருத்தர் இதே மாதிரி இறந்தார்" என்று யோசித்தார்கள். மாதிரியை மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புனே தேசிய வைரஸ் ஆய்வகம் நிபா என்று உறுதி செய்தது. அதற்கப்புறம் நோயாளியோடு பழகியவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் பட்டியல் போட்டுக் கண்காணித்தார்கள். கை உறை, முகக்கவசம், தனி வார்டு என்று இறுக்கிப் பிடித்ததும் சில வாரங்களில் நோய் நின்றுவிட்டது. மருந்து கண்டுபிடித்து நிற்கவில்லை. நிபாவுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசியோ மருந்தோ இன்னும் கிடையாது. யார் யாரைத் தொட்டார்கள் என்று தேடிப் பிடித்ததால்தான் நின்றது.

அப்புறம் 2019இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவர். அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. 2021இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் இறந்தான், அதுவும் ஒருவரோடு நின்றது. 2023இல் மறுபடி கோழிக்கோடு, ஆறு பேருக்கு வந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2024இல் மலப்புறத்தில் இரண்டு தடவை. இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். நோய் மறுபடி மறுபடி வருகிறது. ஆனால் 2018க்குப் பிறகு ஒரு தடவைகூட அந்த அளவுக்குப் பரவவில்லை. கேரளத்து ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்டுவிட்டன. நாம் கற்றுக்கொண்டோமா என்பதுதான் என் கவலை.

நிபா கொரோனா மாதிரி பரவுவதில்லை. கொரோனாவில் நோய் தெரியாமல் நடமாடுகிறவரும் பரப்பினார். நிபாவில் நன்றாக நோய்வாய்ப்பட்டவர், அதிலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தவர்தான் பரப்புகிறார். அவருடைய எச்சில், சளி, வாந்தி, சிறுநீர் பட்டால்தான் ஒட்டுகிறது. அப்படியும் பெரும்பாலான நோயாளிகள் ஒருவருக்குக்கூடப் பரப்புவதில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் நலமாக உட்கார்ந்து வந்தவரால் உங்களுக்கு வராது. மூச்சுவாங்கக் கிடக்கிற ஒருவரை வெறுங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் முகத்தைத் துடைத்தால் வரலாம். வந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது முதல் எழுபத்தைந்து பேர் இறக்கிறார்கள் என்பது நிஜம். கொடிய நோய்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வருகிற வழி குறுகலான வழி. அந்த வழியில் போய் நின்று காவல் காக்க வேண்டும்.

சரி, களியக்காவிளைக்கு வருவோம். சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டர் பிடிக்கிறார்கள். நிபா உடம்புக்குள் புகுந்து காய்ச்சலாக வெளியே வர நான்கு முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் தெர்மாமீட்டருக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வந்தவர் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தாலும் தெரியாது. களியக்காவிளை ஒன்றுதான் வழியா? பளுகல், ஊரம்பு, கொல்லங்கோடு, ஆறுகாணி என்று எத்தனை பாதைகள். காலையில் ரப்பர் பால்வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்கள், திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கும் வைத்தியத்துக்குப் போகிறவர்கள், பெண் கொடுத்து பெண் எடுத்தவர்கள். 1956 வரை நாமே திருவிதாங்கூர்-கொச்சிதானே. இந்த எல்லையை அடைக்க முடியாது. கொரோனா நேரத்தில் அடைத்துப் பார்த்தபோது டயாலிசிஸ் நோயாளிகள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சாவடியில் நிற்கிற ஊழியர்களைக் குறை சொல்லவில்லை, மழையிலும் வெயிலிலும் நிற்கிறார்கள். விழிப்பு வர அது உதவும். ஆனால் நோய் பிடிபடுகிற இடம் அது இல்லை.

இதற்கு நம்ம ஊருக்கு வெளியே இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொடிய தொற்றுநோய். அந்த வருடம் செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து ஒருவர் அமெரிக்காவின் டாலஸ் நகரத்துக்குப் போனார். புறப்படும்போது விமான நிலையத்தில் காய்ச்சல் பார்த்தார்கள், இல்லை. சில நாள் கழித்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்று நர்சிடம் சொல்லவும் செய்தார். அந்தத் தகவல் டாக்டரின் யோசனைக்குள் போகவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் ஆம்புலன்சில் திரும்ப வந்தார், அக்டோபர் 8ஆம் தேதி இறந்தார். அமெரிக்கா முழுவதும் பதறியது, சில பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைசியில் அவரால் நோய் வந்தது இரண்டே பேருக்கு. இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்ட நர்சுகள். அவரோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

அதே வருடம் ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் ஒரு பயணி நோயோடு வந்து இறங்கினார். அவ்வளவு நெரிசலான நகரத்தில் எபோலா என்றால் உலகமே நடுங்கியது. அவர் எபோலா நோயாளி யாரையும் தொட்டதில்லை என்று மறுத்தார். முதலில் மலேரியாவுக்குத்தான் வைத்தியம் நடந்தது. டாக்டர் அமேயோ அடடேவோ என்ற அம்மையார் மட்டும், எங்கிருந்து வந்தவர் என்று பார்த்துச் சந்தேகப்பட்டு, எத்தனையோ நெருக்கடி வந்தும் அவரை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார். பிறகு சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்து, 18,000 தடவைக்கு மேல் வீடுகளுக்குப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். 20 பேருக்கு நோய், எட்டு சாவு. அதோடு முடிந்தது. இறந்த எட்டுப் பேரில் அந்த அம்மையாரும் ஒருவர்.

அமெரிக்காவில் இல்லாத கருவியா? ஆனால் "எங்கிருந்து வந்தீங்க" என்ற கேள்வியும் அதற்கு உண்மையான பதிலும் சரியான ஆளின் காதில் விழுந்ததா என்பதுதான் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. 2018 ஜூன். கோழிக்கோட்டில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த நம்ம பக்கத்துக் கொத்தனார் ஒருவர் காய்ச்சலோடு ஊருக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, திருநெல்வேலியில் வேலை பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். பொது வார்டில் இரண்டு நாள் கிடந்தார். சுற்றிலும் கட்டில்கள், கட்டிலுக்கு இரண்டு பேர் துணை, யாருக்கும் முகக்கவசம் கிடையாது. மூன்றாம் நாள் அவருடைய மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தனி அறைக்கு மாற்றி, ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை யாருக்கும் தூக்கம் இல்லை. நல்ல வேளை, டெங்கு. குணமாகி வீட்டுக்குப் போகும்போது ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கு சாரே. கோழிக்கோடுன்னு சொன்னா ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரமாட்டாவ."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் பேராம்பிரா ஆஸ்பத்திரி நர்சுகளையே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடவில்லை, ஆட்டோக்காரர் ஏற்றவில்லை என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க ஒரு கொத்தனார் எப்படி வாயைத் திறப்பார்? அந்த வார்டில் இருந்தவர்களை ஆபத்தில் நிறுத்தியது அவர் சொன்ன பொய் மட்டும் இல்லை, அந்தப் பொய்யைச் சொல்லவைத்த ஊர்ப்பேச்சும்தான். உங்கள் அக்கம்பக்கத்தார் இன்றைக்கு உங்கள் மகளைப் பற்றிப் பேசுகிற பேச்சும் அதே வகைதான். நாளைக்கு அவர்கள் வீட்டிலேயே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அவர்களும் மறைப்பார்கள். இதை அவர்களிடம் நேரடியாகவே சொல்லுங்கள், தப்பில்லை.

இனி வாவல். நம்ம மரத்துக்கு வருவது பழந்தின்னி வாவல். இந்தியாவில் நிபா குடியிருப்பது அதனிடம்தான். அது கேரளா வாவல், தமிழ்நாட்டு வாவல் என்று பிரிந்து இருப்பதில்லை. ஒரே ராத்திரியில் பல கிலோமீட்டர் போய்வரும். தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் வாவல்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்து, நிபா வந்துபோன அடையாளத்தைப் பார்த்திருக்கிறது. அதாவது அந்த வைரஸ் எல்லை தாண்டி இனிமேல் வர வேண்டியதில்லை. நமக்கு முன்பிருந்தே வாவலோடு அது இங்கே இருந்திருக்கலாம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தனை காலமும் அதே அயனிக்கு வாவல் வந்தது, அதே மரத்தடியில் நாம் வளர்ந்தோம், நோய் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வாவலிடமிருந்து மனிதனுக்கு நேரே தாவுவது அபூர்வம்.

மரத்தை வெட்டினால், வெடி போட்டு விரட்டினால், என்ன நடக்கும்? கூட்டம் கலைந்து பல இடங்களுக்குப் போகும். இரை கிடைக்காமல் நலிந்த வாவல் வைரஸை அதிகமாக வெளியே விடும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இலுப்பையையும் அத்தியையும் காடெல்லாம் விதைப்பதும் இந்த வாவல்தான். வாவலுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அதனால் மரம் நிற்கட்டும். ஆனால் மரத்தடியில் கிடக்கிற பழத்தை எடுத்துத் தின்னாதீர்கள்.

ரம்புட்டான் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம்ம மாவட்டத்தின் மேற்குப் பக்கமே இப்போது ரம்புட்டானும் மங்குஸ்தானும்தானே. கடையில் வாங்கும்போது ஒன்றொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வாவல் கடித்த பழத்தில் தோல் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே வெள்ளைச் சுளையில் பல் இறங்கிய கோடு தெரியும். கோடு மேலே காய்ந்து பழுப்பாக இருக்கும். அதை நறுக்கி நல்ல பக்கத்தைத் தின்ன வேண்டாம், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். முழுப் பழத்தைக் கழுவிவிட்டு, பல்லால் கடித்து உரிக்காமல் கையால் உரித்துத் தின்னலாம். குழந்தைகள் எல்லாரும் பல்லால்தான் உரிப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிறவர்கள் மரத்துக்கு வலை போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது. வலை போட்ட தோட்டத்துக்காரர்கள் நம்ம பக்கம் நிறைய உண்டு.

அக்கானி (பதநீர்) விஷயம் இதைவிட முக்கியம். வங்கதேசத்தில் 2001 முதல் ஏறத்தாழ வருடா வருடம் நிபா வருகிறது. அங்கே காரணம் ஈச்ச மரத்துப் பதநீர். ராத்திரி முழுக்கப் பானை மரத்தில் தொங்கும், வாவல் வந்து சீவின இடத்தை நக்கும், பானைக்குள்ளேயே சிறுநீர் விடும். இதை இருட்டில் படம் பிடிக்கும் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விடியற்காலையில் அதைப் பச்சையாகக் குடிக்கிறார்கள். தீர்வையும் அங்கேயே பார்த்தார்கள்: மூங்கில் கீற்றால் பாவாடை மாதிரி ஒன்று முடைந்து, சீவின இடத்தையும் பானை வாயையும் மூடிக் கட்டினால் வாவல் கிட்டே வருவதில்லை. நம்ம பனையில் பாளைக்கு நேரே கலயம் தொங்குகிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருப்பதற்கு. அதை வைரசுக்குக் காவல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கலய வாயையும் பாளையையும் சேர்த்து வலைத்துணியோ ஓலையோ வைத்து மூடிக் கட்டச் சொல்லுங்கள். நிபா செய்தி வருகிற நாட்களில் பச்சை அக்கானி வேண்டாம், காய்ச்சிக் குடியுங்கள். கருப்பட்டிக்குப் பயமே இல்லை, அது அவ்வளவு நேரம் கொதித்துத்தானே வருகிறது. பனையேறிகள் ஏற்கெனவே கஷ்டத்தில் இருக்கிறார்கள். 'அக்கானியால் நிபா' என்று ஒரு புரளி கிளம்பினால் அவர்கள் பிழைப்பு போய்விடும். மூடிக் கட்டின கலயத்து அக்கானியை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

கிணற்றில் வாவல் இருந்தால்? பேராம்பிராவில் அந்த வீட்டுக் கிணற்றிலும் வாவல் இருந்தது. பிடித்துச் சோதித்தார்கள், அவை பூச்சி தின்கிற சின்ன வகை, நிபா இல்லை. கிணற்றுக்கு வலை போட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அது எப்போதுமே நல்லதுதான். கோழி, மீன், பன்றி இறைச்சி எல்லாம் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பன்றி வளர்க்கிறவர்கள் மட்டும் கொட்டகையைப் பழமரத்தடியில் போடாதீர்கள்.

கடைசியாக உங்கள் மகள். அவள் இருக்கிற வார்டிலோ விடுதியிலோ நிபா நோயாளியோடு தொடர்பு என்று கேரள சுகாதாரத் துறை பட்டியல் போட்டு அவள் பெயரும் அதில் இருந்தால், 21 நாள் அங்கேயே இருக்கட்டும். அவர்களே விடமாட்டார்கள், நன்றாகவும் கவனிப்பார்கள். பட்டியலில் இல்லை என்றால் பரசுராம் ரயிலில் ஏறிக் குழித்துறையில் வந்து இறங்கட்டும். கோழிக்கோடு பெரிய மாவட்டம், அங்கே லட்சக்கணக்கான பேர் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வந்த பிறகு மூன்று வாரம் உடம்பைக் கவனித்துக்கொண்டால் போதும். தனி அறை, தனித் தட்டு ஒன்றும் தேவையில்லை.

அதற்குள் காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறின தூக்கம், பேச்சு குழறுவது, மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், பக்கத்துக் கிளினிக்குக்கும் போகாதீர்கள். சுகாதார உதவி எண் 104க்குக் கூப்பிட்டு விவரம் சொல்லுங்கள். 108 ஆம்புலன்சில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். பெரும்பாலும் அது டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோதான் இருக்கும், நம்ம மாவட்டத்தில் மழைக்காலத்தில் அவைதான் அதிகம். ஆனாலும் அவளுக்கு முகக்கவசம் மாட்டிவிட்டு, வாசலில் சீட்டு எழுதுகிறவரிடமே "இவள் கோழிக்கோட்டிலிருந்து இத்தனாம் தேதி வந்தாள்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். டாக்டர் வந்ததும் அவரிடமும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.